தும்பறைத் துறையில் நான் மொழிபெயர்த்தவை

மகனே,

ஸலாம் சொல்லி, உன் சுகம் கேட்டு, எங்கள் சுகம் எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். இங்கே எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. பதுளைக் குளிருக்கு ஒரு கம்பளி போதவில்லை என்று எழுதியிருந்தாய். இன்னொன்றை இந்தக் கிழமை அனுப்புகிறோம். வழக்கமான சங்கதி இவ்வளவுதான். இனி எழுதப் போவதை ஒரே இருப்பில் இருந்து படி. படித்த பிறகு ஒளித்து வைக்க வேண்டாம். மாமாமார், சாச்சாமார், யார் கேட்டாலும் கொடு. இதில் இருப்பது இனி நாலு பேருக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும்.

உன்னைக் கண்டி ஸ்டேஷனில் பதுளைக்கு ரயில் ஏற்றிய அன்று நான் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில் துவிபாஷி உத்தியோகம் என்பது அக்குறணையில் நம் குடும்பத்தில் யாரும் கனவிலும் காணாத ஒன்று. ஏழை எளியவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்; நீதிபதி சொல்வதை அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பரீட்சையில் நீ பாஸான செய்தி வந்தபோது ஊரே வீட்டுக்கு வந்தது. நான் மட்டும் ஓரமாகக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும் வழியில் உம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் கத சொல்ற மனிசன், பெத்த புள்ளக்கி ஒரு வார்த்த சொல்லல்லயே. ஒங்களுக்கு என்ன புடிச்சீக்கி?"

"ரோட்டப் பாத்து ஓட்டணும். கொஞ்சம் பேசாம வா" என்றேன். அன்று ரோட்டில் எங்கள் வண்டியைத் தவிர ஒரு மாட்டு வண்டிதான் இருந்தது.

எனக்குச் சொல்ல இருந்தது வாயால் சொல்லக்கூடிய விஷயமாக இல்லை. வாய்தான் என் பிழைப்பு. அதை நம்பித்தான் நான் கெட்டுப் போனேன். ஊரில் என்னை மோட்டார்க்காரன் என்கிறார்கள். வண்டி ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹோட்டலில் வந்து இறங்கும் துரைமாரும் நோனாமாரும் என் வண்டியைக் கேட்டு வாங்கிப் போவது என் நாக்குக்காக. சிங்களம் ஊர்களில் அலைந்து வந்தது, ஆங்கிலம் கண்டியில் ஒரு சாமான் கடையில் வேலைக்கு நின்றபோது வந்தது, தமிழ் என்னைப் பெற்ற உம்மா கொடுத்தது. ஆங்கிலத்தில் பேசுவேனே தவிர நாலு வரி சரியாக எழுதத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு மொழிக்காரருக்கு நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. இரண்டு பக்கத்தையும் அறிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு முறை ஒரு துரை வழியில் ஒரு தங்குமடத்தில் சோறு கேட்டார். வந்த சோற்றைப் பார்த்துவிட்டு, இதை நாய்கூட மோந்து பார்க்காது என்றார். நான் சமையற்காரரிடம், துரைக்குப் பசி குறைவாம், மன்னிக்கச் சொல்கிறார் என்றேன். சமையற்காரருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். இந்தச் செம்மூஞ்சிக்கு வயிற்றில் புழு இருக்கும் என்று சொன்னார். நான் துரையிடம், உங்கள் உடம்பு சுகமா என்று கவலைப்படுகிறார் என்றேன். புறப்படும்போது இருவரும் சிரித்துக்கொண்டு கை கொடுத்தார்கள். அதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

வீட்டிலும் அப்படித்தான். உன் பள்ளிக்கூடத்துக்கு என்னையும் உம்மாவையும் கூப்பிட்டு, உன் தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் பேசியது உனக்கு மறந்திருக்காது. பக்கத்துப் பையனின் கணக்கைப் பார்த்து எழுதினாய் என்பதுதான் அவர் சொன்ன விஷயம். உம்மா என் முகத்தைப் பார்த்தாள். புள்ள கணக்கில் கெட்டிக்காரனாம் என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை அவள் உனக்கு வட்டிலப்பம் செய்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய், நான் தலை நிமிர்ந்து சாப்பிட்டேன். உனக்கு அப்போதே என்னைவிட வெட்கம் அதிகம் இருந்தது. இந்தச் சின்னப் பொய்களால் யாருக்கும் கெடுதல் வரவில்லை என்றுதான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இனித் தும்பறைக்கு வருகிறேன்.

மோட்டார் வண்டிக்கு முன்னால் எனக்குப் பொட்டணி வியாபாரம் என்று உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் தோளில் துணி மூட்டையோடு அக்குறணையிலிருந்து நடந்து போவேன். தும்பறையில் மகாவலி ஆறு ஓரிடத்தில் வளைந்து அகலமாகப் போகும். பாலம் கிடையாது. ஒரு தோணித்துறை இருந்தது. அக்கரையில் பாய் நெய்கிறவர்களின் குடிசைகள். தோணிக்காரர் ஒரு வயதான சிங்களவர். கரையில் ஓலை வீடு, முற்றத்தில் ஓர் ஈரப்பலா மரம், பின்னால் பத்துப் பதினைந்து கமுகு. ஒரு தடவை ஆறு பெருகியிருந்த நாளில் என்னை ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனதும் தோணி ஆடியது. எனக்கு நீந்தத் தெரியாது. அவர் கோலை ஊன்றிக்கொண்டே, என் மூட்டையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். மனிதன் நனைந்தால் காய்வான், துணி நனைந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். அன்று அவரும் நானும் முழுக்க நனைந்தோம், மூட்டை நனையவில்லை. அவருடைய மகன்தான் உக்குவா. என் வயதுதான் இருக்கும். தகப்பன் இறந்த பிறகு கோல் அவர் கைக்கு வந்தது.

பல வருஷம் நடந்தே போய் வந்த பிறகு நான் அந்தத் துறைக்கு மோட்டாரில் போய் இறங்கினேன். ஹோட்டலில் ஒரு நாள் பயணம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பழைய ராஜ்ஜியத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காலையிலிருந்து மாலை வரை சுற்றிக் காட்ட வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் யானை குளிப்பது, பிறகு தெகல்தொருவையில் குகை விகாரையின் சுவர்ச் சித்திரம், குண்டசாலையில் அரசர்கள் இருந்த இடம், கொக்கோத் தோட்டம், கடைசியில் தோணி ஏறி அக்கரையில் பாய் நெசவு. எழுதிப் பார்த்தால் நிறைந்த நாள். நான் சொல்லப் போகும் அன்றைய நாள் அப்படி அமையவில்லை. வந்தவர்கள் ஒரு துரை, அவருடைய நோனா, நோனாவின் தங்கை. யானைகள் அன்று வேறு வேலைக்குப் போயிருந்தன. குகை விகாரையின் திறப்பு வைத்திருந்த பிக்கு ஒரு வீட்டுக்குத் தானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குண்டசாலையில் மழை பிடித்தது. அரண்மனை எங்கே என்று துரை கேட்டார். இந்த மண்ணுக்குக் கீழே என்றேன். அவர் நேரத்தைப் பார்த்தார். பயணம் நன்றாக இருந்ததா இல்லையா என்று வந்தவர்கள் ஹோட்டல் புத்தகத்தில் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் போர்ட்டிகோவில் யாருடைய வண்டி நிற்பது என்று மனேஜர் முடிவு செய்வார்.

துறைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. உக்குவா தோணியைத் துடைத்து அவர்களை ஏற்றினார். நடு ஆற்றில் நோனா என்னிடம், இவர் எவ்வளவு காலமாக இதைச் செய்கிறார் என்று கேட்டாள். நான் சிங்களத்தில் கேட்டேன். உக்குவா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, அப்பா காலத்திலிருந்து, அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது என்றார்.

அதை அப்படியே சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? நான் சொன்னது இது. இவருடைய பூட்டன் மழை நாளில் அரசரை இந்த ஆற்றைக் கடத்திக் காப்பாற்றினார். பகைவர் கரைக்கு வந்தபோது தோணி அக்கரையில் இருந்தது. அரசர் தன் மோதிரத்தைக் கழற்றினார். அதை அவர் வாங்கவில்லை. அதனால் அரசர் இந்தத் துறையையும் கரையையும் அவர் சந்ததிக்கே கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. மோதிரம் நான் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. நோனாவின் தங்கை வாயில் கை வைத்துக்கொண்டாள். துரை தொப்பியைக் கழற்றினார். மகனே, ஒரு வெள்ளைக்காரர் உக்குவாவுக்குத் தொப்பியைக் கழற்றியதை நான் கண்ணால் கண்டேன். அன்று ஹோட்டல் புத்தகத்தில் மூன்று வரி என்னைப் பற்றி எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு மொழிபெயர்ப்பாகிவிடும். நிறுத்த விருப்பமில்லை. வருஷத்துக்கு நாற்பது ஐம்பது தடவை சொன்னேன். மழை புயலானது, பகைவர் பெருகினார்கள். வந்தவர்கள் உக்குவாவைப் படம் பிடித்தார்கள். அவர் ஒன்றும் விளங்காமல் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்; ஒரு நாள் அவர்களை அக்கரையில் இறக்கிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

"நானா, இந்த ஆக்கள் ஏன் என்னை இப்படிப் பார்க்கிறாங்க? நீங்க என்ன சொல்றீங்க?"

சிங்களத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் அவர் பேச்சைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் கதையை அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். விளையாட்டுப் போலத் தொடங்கினேன். அவர் சிரிக்காமல் கேட்டதால் நானும் சிரிக்காமல் முடித்தேன். முடிந்ததும் அவர், அப்பா எனக்கு இதைச் சொல்லவில்லையே என்றார். வயதானவர்கள் சில விஷயத்தைச் சொல்லாமலே போய்விடுவார்கள் என்றேன். அடுத்த முறை போனபோது தலையில் வெளுத்த துணி கட்டியிருந்தார். ஆட்கள் வரும் நாளில் மட்டும் அதைக் கட்டினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனிசனக் கோமாளியாக்காதீங்க" என்றாள்.

நீ கொழும்பில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துக் கொக்கோத் தோட்டம் தன் எல்லையை அளந்தது. அளந்தவர்களின் கயிறு உக்குவாவின் முற்றத்துக்குள் வந்து, ஈரப்பலாவையும் கமுகையும் வீட்டையும் தோட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. காணி உன்னுடையது என்றால் உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்றார்கள். அப்படி ஒரு கடதாசி அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உக்குவா புறக்டர் ஒருவரை வக்கீலாகப் பிடித்து வழக்குப் பேசினார். தனக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சியை அந்தப் புறக்டரிடம் சொன்னார். அரசன் கொடுத்த காணி, மோட்டார் நானாவுக்கு எல்லாம் தெரியும், அவர் துரைமாருக்கே சொல்கிறார் என்று. அப்படித்தான் என் கைக்குக் கோர்ட்டிலிருந்து கடதாசி வந்தது.

வழக்குக்கு முதல் நாள் மாலை ஹோட்டல் மனேஜர் போர்ட்டிகோவுக்கு இறங்கி வந்தார். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகிறாயாமே என்றார். ஆமாம் என்றேன். அந்தத் தோட்டத்துத் துரைமார் கிழமைக்கு மூன்று நாள் இங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, என் வண்டியின் விளக்கை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை என்பதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். மற்றதை எல்லாம் நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

சாட்சிக் கூட்டில் ஏறியதும் அல்லாஹ்வை முன்னிறுத்திச் சத்தியம் செய்தேன். எந்த மொழியில் சாட்சி சொல்கிறாய் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம், சிங்களத்தில் சொல்லியிருந்தால் உக்குவாவுக்கு நேராகவே விளங்கியிருக்கும். நான் தமிழ் என்றேன். நடுவில் ஓர் ஆள் நிற்கட்டும் என்றுதான். துவிபாஷி ஒரு மெலிந்த வயதானவர், கறுப்புக் கோட்டின் முழங்கை தேய்ந்திருந்தது. அவரை எனக்கு முன்பின் தெரியாது.

முதலில் உக்குவாவின் புறக்டர் கேட்டார். இந்தத் துறையை அரசர் இவருடைய முன்னோருக்குக் கொடுத்ததாக நீங்கள் ஆட்களுக்குச் சொல்வதுண்டா? பார்க்க வருகிறவர்களுக்கு எத்தனையோ சொல்வேன், எதை எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை என்றேன். பிறகு தோட்டத்தின் புறக்டர் எழுந்தார். நிதானமான மனிதர். அவர் கேட்டது ஒரே கேள்வி. கதைகளை விடுங்கள், இந்த மனிதரையோ, இவருடைய குடும்பத்தையோ, இந்தக் காணியையோ பற்றி நீங்கள் கண்ணால் கண்டது ஏதாவது உண்டா?

மகனே, அந்த இடத்தில் எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. அரசனும் மோதிரமும் தேவைப்படவில்லை. அவர் தகப்பனை நான் கண்டேன், அந்த வீட்டை நான் கண்டேன், என் மூட்டை அவர் தலையில் இருந்தது என்று சொன்னால் போதும்; உறுதிப் பத்திரம் இல்லாவிட்டாலும் தலைமுறையாகக் குடியிருந்தது சட்டத்தில் செல்லும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் அரசன் கதையை இவரிடமிருந்து கேட்டீரா, நீரே கட்டினீரா என்று கேட்பார்கள். நான் கட்டினேன் என்று அந்தக் கூட்டத்தில், பின் வாங்கிலில் தோட்டத்துத் துரை உட்கார்ந்திருக்க, சொல்ல வேண்டும். பிறகு ஹோட்டல் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தது எல்லாம் என்ன ஆகும்? நான் என் கதையை மறைக்கப் போய், கதையோடு சேர்த்து உண்மையையும் மறைத்தேன்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன்.

வயதானவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மயிர் கூடவில்லை, குறையவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். உக்குவாவுக்குத் தமிழும் விளங்காது, ஆங்கிலமும் விளங்காது. அவர் தலையில் அந்த வெளுத்த துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் வாய் அசைந்ததைப் பார்த்தார், துவிபாஷியின் வாய் அசைந்ததைப் பார்த்தார், பிறகு தன் புறக்டரின் குமாஸ்தா பக்கம் காதைக் கொடுத்தார். நான் சொன்னது அவரிடம் போய்ச் சேரும் வரை அவர் முகத்தில் எனக்காக ஒரு நன்றி இருந்தது. குமாஸ்தா காதில் சொன்னார். நான் அவர் பக்கம் பார்க்காமல் கூட்டிலிருந்து இறங்கினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வழக்குத் தோற்றது. அடுத்த அறுவடை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு. என் வண்டி போர்ட்டிகோவிலேயே நின்றது. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது. தும்பறைப் பயணம் வந்தால் காய்ச்சல் என்று சொல்லி வேறு வண்டிக்குக் கொடுத்தேன். நீ பாஸான செய்தி வந்ததும் அந்த நாட்களில்தான். ஊரார் வந்து உன் மகன் கோர்ட்டில் நிற்கப் போகிறான் என்று கையைப் பிடித்துக் குலுக்கியபோது நான் ஏன் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று இப்போது உனக்கு விளங்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தனியாகப் போனேன். உக்குவா கரையில் தோணியைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தார். தலையில் துணி இல்லை. என்னைக் கண்டதும் உட்காரச் சொன்னார். ஏசுவார் என்று போனவனுக்கு அது கஷ்டமாக இருந்தது. நானே தொடங்கினேன். அரசன் கதை பொய், நான் கட்டினேன், உங்களையும் நம்ப வைத்தேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியும், நானா" என்றார்.

"எப்ப தெரியும்?"

"நீங்க எனக்குச் சொன்ன அன்றைக்கே. மோதிரத்தை வாங்காத ஆளா எங்க பரம்பரையில?" என்று சிரித்தார். "ஆனா அந்த ஆக்கள் தொப்பியைக் கழட்டினாங்க. அது நல்லா இருந்தது. புறக்டரும் கடதாசி இல்லாட்டி ஏதாவது கொண்டு வா என்றார். அதைக் கொண்டு போனன். அது என்னுடைய பிழை."

தூரிகையைத் தார்ச் சட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராஜா கதை உங்களுடையது. அதை நீங்க என்ன வேணுமானாலும் செய்யலாம். எங்க அப்பா உங்களை இந்தத் தோணியில ஏத்திக்கிட்டுப் போனது கதை இல்லையே, நானா. அதையும் தெரியாது என்று சொல்லிட்டீங்களே."

அவர் மறுபடியும் தார் பூசத் தொடங்கினார்.

திரும்பி வந்து அவருடைய புறக்டரைப் போய்க் கண்டேன். மேல் கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார்கள். நான் உண்மையைச் சத்தியக் கடதாசியாக எழுதிக் கொடுத்தால் சேர்த்து அனுப்பலாம், எடுப்பார்களோ தள்ளுவார்களோ சொல்ல முடியாது என்றார். ஆனால் நான் சத்தியம் செய்து பொய் சொன்னவன் என்பது அதில் பதிவாகும், அதற்குத் தண்டனை வரலாம் என்பதையும் சொன்னார். நல்ல மனிதர், மிருதுவாகச் சொன்னார். நான் விளங்கிக்கொண்டேன்.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மனிசன்ட வீட்டுல எத்தன பேர்?"

"ஆறு பேர்."

"அப்ப எழுதுங்க" என்றாள். பொறுக்கிய கல்லை எறிந்துவிட்டு, "நம்மட புள்ளக்கி அல்லாஹ் ஈக்கான்" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். எனக்காகவா உனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

உன்னை அவள் ஏன் சேர்த்தாள் என்றால், அந்தக் கடதாசி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான் தமிழில்தான் எழுதுவேன். அதை ஆங்கிலமாக்கி, மொழிபெயர்த்தவர் என்று அடியில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதை நீ செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். உன் உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை, ஒரு வருஷம் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள் என்பதை நான் மறக்கவில்லை. பொய்ச் சாட்சி சொன்னவனின் மகன் என்று உன் மேலதிகாரி படிக்கக்கூடும். கண்டியில் இதைச் செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் என் சிநேகிதர்கள், என் மேல் இரக்கப்பட்டு அங்கங்கே நயப்படுத்திவிடுவார்கள். நானும் அவர்களுக்காக அப்படித்தான் செய்திருப்பேன். நீ சத்தியம் செய்து பதவி ஏற்றவன். உனக்கு மனமில்லை என்றால் இரண்டு வரி எழுது, நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், உம்மாவும் சொல்ல மாட்டாள். கம்பளி எப்படியும் வரும்.

உத்தியோகத்தைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கண்டதை மட்டும் சொல்கிறேன். உன் முன்னால் நிற்கிறவன் தன் பேச்சு போய்ச் சேரும் வரை மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு உன்னைத் தவிர வேறு வழி இல்லை. அவன் பேச்சு உனக்கு அழகாகத் தோன்றாது, சில நேரம் அவன் வழக்குக்கே கெடுதலாகவும் தோன்றும், கொஞ்சம் திருத்திக் கொடுத்தால் அவனுக்கு நல்லது என்று மனம் சொல்லும். என் மனமும் என்னிடம் அப்படித்தான் பேசியது. அப்பா காலத்திலிருந்து, அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது என்று உக்குவா முதல் நாளே சொன்னார். அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த ஒரு வரிதான். அதை நான் அன்றே ஆற்றில் போட்டுவிட்டேன்.

நீ மொழிபெயர்க்க வேண்டியது இது:

"நான் அக்குறணையைச் சேர்ந்தவன். கண்டியில் வாடகை மோட்டார் ஓட்டுகிறேன். என் பத்தொன்பதாவது வயதில் துணி மூட்டையோடு இந்தத் துறையைக் கடந்தபோது உக்குவாவின் தகப்பன் தோணி தள்ளினார். வீடு இன்று இருக்கும் அதே இடத்தில் இருந்தது. முற்றத்தில் ஈரப்பலா இருந்தது. அன்று முதல் இன்று வரை வருஷத்தில் ஒரு முறையாவது அங்கே போயிருக்கிறேன். அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அந்தக் கரையில் குடியிருந்து நான் காணவில்லை. அரசன் காணி கொடுத்த கதையை நான் கட்டினேன். கோர்ட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னது பொய்."

கடைசிச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நாகரிகமான சொற்கள் பல உண்டு. எனக்கே நாலைந்து தெரியும், துரைமாரிடம் கேட்டுக் கற்றவை. அவற்றில் ஒன்றையும் போடாதே.

உன் வாப்பா